தேனியிலிருந்து விமானம் ஓட்டப் பழகணுமா?

போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர்னு நம்ம பக்கத்துப் பிள்ளைங்க அடிக்கடி கேக்குறது இதுதான்: "விமானம் ஓட்ட ஆசை. வீட்ல அவ்வளவு வசதி இல்ல. என்ன செய்யலாம்?"

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுக்கு இன்னிக்குச் செலவு 50 லட்சத்தைத் தொடுது. அந்தத் தொகையைக் கேட்டதுமே பல பிள்ளைங்க ஆசையை மூட்டை கட்டிடுறாங்க. எனக்கு மனசு பொறுக்கல. ஏன்னா அரசாங்கச் செலவுலயே பறக்கக் கத்துக்கிற வழி இருக்கு.

பத்தாவது படிக்கிறவங்க முதல்ல ஒண்ணு செய்யுங்க. பதினொண்ணாவதுல இயற்பியல், வேதியியல், கணிதம் இருக்கிற குரூப்பை எடுங்க. வேற குரூப் எடுத்தாச்சா? கலங்க வேண்டாம், திறந்தநிலைப் பள்ளியில இயற்பியலும் கணிதமும் தனியா எழுதி கமர்ஷியல் லைசென்ஸுக்குப் போகலாம்.

அடுத்தது என்.சி.சி., தேசிய மாணவர் படை. அதுல விமானப் பிரிவுன்னு தனியா உண்டு. சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் அதுக்கு ஸ்குவாட்ரன் இருக்கு. மைக்ரோலைட்ங்கிற சின்ன விமானத்துல பயிற்சியாளரோட கேடட்டுகளை ஏத்திக்கிட்டுப் போவாங்க. காலேஜ் சேரும்போது "இங்க என்.சி.சி. இருக்கா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "விமானப் பிரிவு இருக்கா"ன்னு கேளுங்க. அதுல 'சி' சான்றிதழ் வாங்கினா விமானப்படைக்குத் தனி நுழைவே இருக்கு.

எல்லாத்துலயும் பெரிய வாசல் என்.டி.ஏ., தேசியப் பாதுகாப்பு அகாடமி. யு.பி.எஸ்.சி. வருஷம் ரெண்டு தடவை தேர்வு நடத்துது. பன்னிரண்டாவது படிக்கும்போதே எழுதலாம். வயசு பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள்ள இருக்கணும். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் கிடையாது. படிப்பு, சாப்பாடு, பறக்கிற பயிற்சி எல்லாம் அரசாங்கச் செலவு. 2025 மே மாசம், பெண்களோட முதல் அணியா 17 பேர் அங்கருந்து படிச்சு வெளிய வந்தாங்க. நம்ம தங்கச்சிகள் இதைக் கவனிக்கணும்.

இதுல ஒரு எச்சரிக்கை. எழுத்துத் தேர்வுல ஜெயிச்சு விமானப்படைக்குப் போறவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு பைலட் தேர்வு வைப்பாங்க. கண்ணு, கை, காலு ஒண்ணா வேலை செய்யுதான்னு பாக்குறது. அதுல தோத்தா வாழ்நாள்ல மறுபடி எழுத முடியாது. அதனால எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு, தயாராகிப் போங்க.

அதுவரைக்கும் வீட்ல சும்மா இருக்க வேண்டியதில்ல. சார்ட் அட்டையில ஒரு கிளைடர் வெட்டுங்க. அப்படியே எறிஞ்சா மூக்கைத் தூக்கி, வேகம் குறைஞ்சு, பொத்துனு விழும். அதுக்குப் பேரு ஸ்டால். மூக்குல ஒரு பேப்பர் கிளிப் மாட்டி எறிங்க, நிதானமா மிதந்து போகும். எடை எங்க இருக்கணும்ங்கிற பாடம் அந்த ஒரு கிளிப்புல இருக்கு. கம்ப்யூட்டர் இருந்தா ஃபிளைட்கியர்னு ஒரு சிமுலேட்டர் இலவசமா இறக்கிக்கலாம்.

ஆனி, ஆடியில ஆண்டிப்பட்டிப் பக்கம் காத்தாலைகளைப் பாருங்க. காத்து எங்கருந்து வருதோ அங்க முகத்தைத் திருப்பி நிக்கும். விமானமும் அப்படி எதிர்காத்துலதான் கிளம்பும், குறைஞ்ச தூரம் ஓடினாலே எழும்பிடும். பள்ளத்தாக்குல பிறந்த நமக்கு இந்தக் காத்து வீட்டு வாசல்லயே கிடைக்கிற பாடம்.

வானத்துல ஏறினா பயமா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, குமுளி ஏறி, குட்டிக்கானம், ஏலப்பாறை வழியா வாகமண் போங்க. அங்க பயிற்சியாளரோட சேர்ந்து பாராகிளைடிங் போகலாம். சில ஆயிரம் ரூபாய்தான். மழைக்காலம் வேண்டாம். அம்மா அப்பா சம்மதம் கட்டாயம்.

கடைசியா, வசதி இருக்கிறவங்களுக்கு. 16 வயசு முடிஞ்சு பத்தாவது தேறியிருந்தா மாணவர் பைலட் லைசென்ஸ் வாங்கலாம், தனியார் லைசென்ஸுக்கு 17, கமர்ஷியலுக்கு 18. பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மருத்துவப் பரிசோதனையை முடிச்சிடுங்க. நிறக்குருடு மாதிரி ஒண்ணு பின்னால தெரிஞ்சா கட்டின பணம் போச்சு. பள்ளி, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. எத்தனை விமானம் ஓடுது, எத்தனை மாணவர்னு நேர்ல போய்க் கேளுங்க. ஏஜென்ட் கையில முன்பணம் கொடுக்காதீங்க. மொத்தமா கட்டச் சொன்னா, தவணையா கட்டுறோம்னு உறுதியா சொல்லுங்க.