பகல் ஒரு மணி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கற்றறிந்த பெருமக்கள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு வணக்கம் செலுத்தியவன். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே காலம் கழிக்கும் ஓர் எழுத்தன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. “உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், போதும்” என்றார் செயலாளர். வீட்டிற்குப் போய் எண்ணிப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான். புதிதாக மும்பைக்கு வேலைக்கு வந்தவன் பகல் ஒரு மணிக்கு எங்கே சாப்பிடுவது, நல்ல காபிக்கு எங்கே போவது என்பதே அது.

சிறிய பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். இந்நகரத்திற்கு வந்து வேரூன்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓராண்டு நிறைவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு சாராருக்கும் இடையே இருந்த வேற்றுமை, பல சமயங்களில், அந்த ஒரு மணிச் சோறுதான்.

2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், என் இருபத்து நான்காம் வயதில், பியூன் வேலையில் சேர்ந்தேன். துறைத் தேர்வு எழுதி எழுத்தனானது அதற்குப் பல ஆண்டுகள் பின்பு. பழையவர்கள் இன்றும் வி.டி. என்று அழைக்கும் பெரிய நிலையத்தை அடுத்து எங்கள் அலுவலகம். 1996-இல் சத்திரபதி சிவாஜி பெயரைப் பெற்ற அந்நிலையத்தை, நான் வருவதற்கு முந்திய ஆண்டில்தான் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றிருந்தது. அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க எத்தனையோ நாட்டினர் வந்தார்கள். நானோ தலை குனிந்து, எந்தக் கடையில் விலை குறைவு என்று தேடி நடந்தேன்.

குடியிருப்பு கல்யாணில், நால்வர் கூடி எடுத்த ஓர் அறை. அடுப்பு வைக்க வீட்டுக்காரர் இசையவில்லை. கைக்கு வந்த சம்பளம் ஐயாயிரத்துச் சொச்சம். தங்கையின் திருமணக் கடனுக்காக அதில் மூவாயிரத்தை ஊருக்கு அனுப்ப வேண்டும். ரயில் சீட்டுக்குச் செலவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

முதல் நாள் ஒரு மணி அடித்தது. அலுவலகத்தில் எல்லோரும் டப்பாக்களைத் திறந்தார்கள். மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு நான்கைந்து பேராகக் கூடி அமர்ந்தார்கள். என் கையில் டப்பா இல்லை. “உனக்கு?” என்று ஒருவர் சைகையால் கேட்டார். நானும் சைகையாலேயே, “ஆயிற்று” என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு வெளியேறினேன். மும்பையில் நான் சொன்ன முதற் பொய் அதுதான். அந்தப் பொய்யை மூன்று மாதம் நாள்தோறும் சொன்னேன்.

வெளியே கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பலகைகள் எல்லாம் தேவநாகரி எழுத்தில் இருந்தன. எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு, விலை மிகுதி என்று தெரிந்து எழுந்து வர நேர்ந்தால் என்ன செய்வது என்று கூச்சம். நான்கு பேர் கூடி உண்ணும் இடத்தில் தனியே உட்காருவதும் கூச்சம். ஆகவே நின்றபடியே தின்னக்கூடிய வடாபாவ் ஒன்று, அரைக் கோப்பைத் தேநீர் ஒன்று. அதுவே என் பகலுணவாயிற்று. வடாபாவைப் பழிக்கிறேன் என்று எண்ணாதீர்கள். 1966-இல் தாதர் ரயில் நிலையத்தின் அருகே தோன்றியதாகச் சொல்லப்படும் அந்த உணவு, எத்தனையோ ஏழை உழைப்பாளிகளின் உயிரைக் காத்திருக்கிறது. ஆயினும் மூன்று மாதம் அதையே நம்பியிருக்க எந்த வயிறும் இசையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பியூன் என்ற முறையில், அதிகாரிகளுக்கும் எழுத்தர்களுக்கும் தேநீரும் காபியும் வாங்கி வருவது என் வேலை. எந்தக் கடையில் டிகாஷன் புதிது, எந்தக் கடையில் பாலில் தண்ணீர் மிகுதி என்பதெல்லாம் மணத்தாலேயே எனக்குத் தெரியும். பிறர்க்காக நாள்தோறும் பிளாஸ்க் நிறையக் காபி சுமந்தேன். எனக்காக ஒரு கோப்பை வாங்கிக் குடித்ததில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டின் நினைவு தாங்காமல் ஒரு ஞாயிறு மாட்டுங்காவிற்குப் போனேன். வண்டியை விட்டு இறங்கியதுமே பூக்கடையும், வாழையிலையும், வறுத்தரைக்கும் காபிக்கொட்டையின் மணமும்! கண்ணில் நீர் வந்துவிட்டது. நிலையத்தை அடுத்த கட்டடத்தின் மாடியில், 1942-இல் தொடங்கப்பெற்ற இராம நாயக்கின் உடுப்பி போர்டிங்கில், இலை போட்டு வயிறார உண்டேன். பிறகு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்து, 1940-இல் தொடங்கிய கபே மெட்ராஸில் டபரா செட்டில் காபி குடித்தேன். பெயர் மெட்ராஸ், நடத்துவோர் கன்னட நாட்டவர். நான் நம் சாப்பாடு என்று உரிமை கொண்டாடியதை, எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற தகுதியோடு மட்டும் வந்த நம் முன்னோர்க்கு இந்நகரில் சமைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். தம் ஊரை விட்டு வந்தவர்கள், ஊரை விட்டு வந்த மற்றவர்களின் பசியைப் புரிந்துகொண்டு பிழைத்தார்கள்.

ஆனால் மாட்டுங்கா ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் உதவும். பகலுணவு இடைவேளை அரை மணி நேரமே. அதற்குள் வண்டியேறிப் போய் உண்டு திரும்ப யாராலும் இயலாது. திங்கட்கிழமை மறுபடியும் வடாபாவ், மறுபடியும் பொய்.

பிறகு வந்தது 2005 ஜூலை 26. காலனியில் மூத்தவர்கள் எவரும் அந்நாளை மறந்திருக்கமாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெய்யவில்லை. எங்கள் அலுவலகத்துச் சன்னலிலிருந்து பார்த்தால் சாதாரண மழைதான். ஆனால் பிற்பகலிலிருந்து வண்டிகள் நின்றுவிட்டன. வீடு திரும்ப வழியில்லாமல் பலர் அலுவலகத்திலேயே தங்கினோம்.

எங்கள் பிரிவில் தப்தரி வேலையில் இருந்த மராட்டியப் பெரியவர் ஒருவரும் தங்கினார். நாங்கள் அவரைக் ‘காகா’ என்போம். இரவு எட்டு மணி இருக்கும். அவர் என்னருகே வந்து, “ஜேவலாஸ் கா?” என்று கேட்டார். ‘சாப்பிட்டாயா?’ என்பது அதன் பொருள். வழக்கம்போல் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரியுமாறு, மெல்லச் சொன்னார்: “மூன்று மாதமாகப் பார்க்கிறேன். நீ எப்போது சாப்பிடுகிறாய் என்றுதான் தெரியவில்லை. வா.”

குடையைப் பிரித்து என்னையும் அணைத்துக்கொண்டு, பின்தெருவில் திறந்திருந்த ஒரு சிறிய கடைக்கு அழைத்துச் சென்றார். சுவரிலிருந்த பலகையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினார். ‘பாத்’ என்றால் சோறு. ‘வரண்’ என்றால் பருப்பு. ‘பாஜி’ என்றால் காய்கறி. ‘தாக்’ என்றால் மோர். ‘திகட்’ என்றால் காரம். ‘ரைஸ் பிளேட்’ என்று கேட்டால், சோறும் சப்பாத்தியும் பருப்பும் காயும் ஒரே தட்டில், முழுச் சாப்பாட்டைவிடக் குறைந்த விலையில் வரும். மூன்று மாதம் அந்தக் கடையின் வாசலைத்தான் கடந்து போயிருக்கிறேன். உள்ளே எனக்குக் கட்டுப்படியாகும் சோறு இருந்தது. அதன் பெயர்தான் எனக்குத் தெரியவில்லை.

அன்று முதல் காகா எனக்கு ஆசானானார். அவர் கற்பித்ததையும், பின்னர் நான் பட்டறிந்ததையும், புதிதாக வந்திருக்கும் தம்பிமார்க்கு இங்கே சொல்லிவைக்கிறேன்.

முதலாவது, பலகையைப் பாராதே, உண்போரைப் பார். சுமை தூக்குவோரும் வண்டியோட்டிகளும் கூடும் கடையில் சோறு சூடாக இருக்கும், விலையும் ஏறாது. இரண்டாவது, நெரிசல் நேரத்திற்குக் கால் மணி முன்னரோ பின்னரோ போக வாய்ப்பிருந்தால் அவ்வாறே போ. சரியாக ஒரு மணிக்குப் போனால், நம் முதுகுக்குப் பின்னே ஒருவர் இடத்திற்காகக் காத்து நிற்பார். உண்பது உடம்பில் ஒட்டாது. மூன்றாவது, காபி வேண்டுமானால் உடுப்பிக் கடைக்குப் போய், ‘பில்டர் காபி’ என்று பெயர் சொல்லிக் கேள். வெறுமனே காபி என்றால் தூள் கலக்கிய பால் வருதலும் உண்டு. ஈரானிக் கடையில் காபி தேடாதே. அங்கே தேநீரும் பன் மஸ்காவும்தான் சிறப்பு. ஈரான் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நடத்திய அக்கடைகள் இன்று கோட்டைப் பகுதியில் சிலவே எஞ்சியுள்ளன. ஒரு தேநீரோடு ஒருவன் அமைதியாக உட்காரக்கூடிய இடம் அது. நான்காவது, நல்ல கடை ஒன்று அமைந்தால் அதை மாற்றாமல் நாலைந்து நாள் போ. ஐந்தாம் நாள் பரிமாறுபவர் உன் முகம் பார்த்துக் கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றுவார். அந்த ஒரு கரண்டி குழம்பில்தான், இந்நகரில் நம்மையும் ஒருவர் அறிவார் என்ற தைரியம் பிறக்கும்.

திருமணமான பிறகு எனக்கும் ஒரு டப்பா வந்தது. காலை ஏழேகாலுக்கு வண்டியேறுபவனுக்கு அதற்கு முன்பே சோறாக்கித் தரும் துன்பம் இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும். ஆகவே சில ஆண்டுகள் டப்பாவாலா மூலமாகவே உணவு வந்தது. 1890-ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகச் சொல்லப்படும் அத்தொழிலில், மூடியின்மேல் தீட்டிய சில எழுத்துகளையும் எண்களையும் கொண்டே ஒவ்வொரு டப்பாவும் உரியவர் மேசைக்கு வந்து சேரும். 2020 மார்ச்சில் புறநகர் வண்டிகள் நின்றபோது அவர்கள் தொழிலும் நின்றது. பலர் மீண்டும் திரும்பவில்லை. அதன் பிறகு என் டப்பாவை நானே சுமக்கிறேன்.

டப்பா வந்தபின்பே மேசையில் எனக்கு இடம் கிடைத்தது. என் மனைவியின் புளியோதரைக்கும் மிளகாய்ப் பொடிக்கும் காகா அடிமையானார். அவர் வீட்டு ஜுண்காவும் பாக்ரியும் என் தட்டுக்கு வந்தன. ஓய்வு பெற்ற நாளன்று மாலையும் பூச்செண்டும் வாங்கிக்கொண்ட பிறகு, “நாளை முதல் உன் மிளகாய்ப் பொடிக்கு யாரிடம் போவேன்?” என்றுதான் கேட்டார்.

அன்பர்களே! இதுவரை பழங்கதை சொன்னேன். இனிச் சொல்லப்போவதுதான் இன்று நான் இங்கு நிற்பதற்குக் காரணம்.

சென்ற ஆண்டு, நம் பக்கத்துப் பிள்ளை ஒருவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தான். என்னோடு ஒரே வண்டியில் வருவான். “வணக்கம் சார்” என்பான். நானும் வணக்கம் சொல்வேன். இரண்டு மாதம் இவ்வாறு கழிந்தது. ஒரு நாள் பகல் ஒரு மணிக்கு, ஒரு கோப்பைக் கொடுப்பதற்காக நடைமேடையின் கோடி வழியாகப் போனேன். அங்கே ஒரு பெஞ்சில் அவன் தனியே உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பொட்டலத்தைப் பைக்குள் மறைத்தான். “சாப்பிட்டாயா, தம்பி?” என்றேன். “ஆச்சு சார்” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

என் நெஞ்சில் யாரோ அறைந்தாற்போல் இருந்தது. அவன் சொன்னது என் பொய். அந்தப் பொய்யை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவர்? அப்படியிருந்தும் இரண்டு மாதம் நான் கேட்கவில்லை. மொழி தெரியாத எனக்கு ஒரு மராட்டியர் கேட்டார். ஒரே மொழி பேசும் பிள்ளையை நான் கேட்கவில்லை. கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த ஊர்ச் சாப்பாடும் அறை வாசலுக்கே வந்துவிடும் காலமல்லவா இது, இவர்களுக்கென்ன குறை என்று எண்ணியிருந்தேன். அவ்வாறு வரும் சாப்பாட்டின் விலை அவன் ஒரு நாள் கணக்குக்குள் அடங்காது என்பதையும், கைப்பேசி எவனையும் “சாப்பிட்டாயா?” என்று கேட்காது என்பதையும் மறந்துவிட்டேன். அன்று அவனை அழைத்துப் போய், காகா காட்டிய அதே கடையில் ரைஸ் பிளேட் வாங்கிக் கொடுத்தேன். அவன் தலை நிமிராமல் உண்டான். நானும் அவன் முகத்தைப் பாராமல் இருந்தேன்.

நாம் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், பிள்ளைகளுக்குப் பரிசளிக்கிறோம். எல்லாம் நல்லவையே. அவற்றோடு மூன்று சிறிய பணிகளையும் சங்கம் ஏற்க வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறேன்.

ஒன்று, காலனிப் பக்கம் புதிதாக வந்து தனியே தங்கும் பிள்ளைகளை, முதல் ஒரு மாதம் ஞாயிறுதோறும் ஒவ்வொரு குடும்பமாக முறை வைத்து உணவுக்கு அழைப்போம். அவர்களுக்கெனத் தனியே சமைக்க வேண்டியதில்லை; வீட்டில் ஆனது போதும். இரண்டு, ஒருவன் வேலையில் சேரும் முதல் நாளன்று, அதே வட்டாரத்தில் பணிபுரியும் மூத்தவர் ஒருவர் பகல் ஒரு மணிக்கு அவனோடு நடந்து, சோற்றுக்கு ஒரு கடை, சிற்றுண்டிக்கு ஒரு கடை, காபிக்கு ஒரு கடை என மூன்றைக் காட்டிவிட வேண்டும். மூன்று, உணவுப் பெயர்களைத் தேவநாகரி எழுத்திலும் தமிழிலும் அச்சிட்ட சிறிய அட்டை ஒன்றைச் சங்கம் வழங்க வேண்டும். அச்சுச் செலவை என் பங்காக ஏற்றுக்கொள்கிறேன்.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி நம்மிடம் இல்லை. ஆனால் அள்ள அள்ளக் குறையாத ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. “சாப்பிட்டாயா?” என்பதே அச்சொல். கேட்பதோடு நில்லாமல், “ஆயிற்று” என்ற விடையை உடனே நம்பிவிடாமலும் இருப்போம்.

 பந்தி தயாராகிவிட்டதெனச் செயலாளர் கைகாட்டுகிறார். அந்தப் பிள்ளையும் இன்று இலை போடும் குழுவில் நிற்கிறான். இனியும் உங்களைக் காக்கவைப்பது முறையன்று.