கடலோரத்தில் ஒரு குடிக்கூலி வீடு

அயல்நாட்டில் வேலை கிடைத்தவர் கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு ஆகியவற்றிற்காக மாதக்கணக்கில் அலைகின்றார். ஆயின், சென்று சேர்ந்தபின் எவ்வூரில், எத்தெருவில் குடியிருப்பது என்பதை மட்டும் ஒரே மாலைப்பொழுதில் முடிவு செய்துவிடுகின்றார். அறை எத்தனை, வாடகை எவ்வளவு, நம்மவர் பக்கத்தில் உள்ளனரா என்னும் மூன்று கேள்விகளோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. நாமும் அவ்வாறு எண்ணியவர்தாம். அந்த எண்ணம் மாறிய கதையையே இன்று சொல்ல விரும்புகின்றோம்.

2022-ஆம் ஆண்டில் நம் தமக்கையின் மகளும் அவள் கணவரும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தனர். கணவருக்கு நகரின் நடுவில் அலுவலகம். அவளோ ஆசிரியை, அந்நாட்டு முறைப்படி ஆசிரியப் பதிவு கிடைக்கும்வரை வேலையின்றிக் காத்திருக்க வேண்டும். எங்கே வீடு பார்ப்பது என்று நம்மைக் கேட்டனர். நகருக்கு மேற்கே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் டார்னீட் என்னும் புறநகர் உண்டு. இந்தியர் பெருந்தொகையினராய் வாழும் இடம். 2015 முதல் அங்கே ரயில் நிலையமும் உள்ளது. கடற்கரையில் ஓரறை வீட்டுக்குக் கேட்கும் தொகைக்கு அங்கே மூன்று அறைகளும் முற்றமும் கிடைக்கக்கூடும். "டார்னீட்டே தக்கது" என்று எழுதிவிட்டோம். தில்லிக்கு வந்த முதல் ஆண்டில், சாம்பார்ப் பொடி எங்கே கிடைக்குமோ அங்கேதான் வீடு என்று தமிழர் வாழும் பகுதியைத் தேடியவர்கள் நாம். அந்தப் பழைய அளவுகோலைக் கொண்டே மெல்பர்னையும் அளந்தோம்.

அவளிடமிருந்து வந்த மறுமொழி சுருக்கமானது. "மாமா, அவர் காலையில் போய் இரவில்தான் வருவார். கார் வாங்க இன்னும் ஓராண்டு ஆகும். பெரிய வீட்டில் பகல் முழுவதும் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டிருந்தாள். நாம் அறைகளை எண்ணினோம். அவள் தனிமையின் மணிகளை எண்ணியிருந்தாள். பின்னர் அவர்கள் செயின்ட் கில்டா என்னும் கடலோரப் புறநகரில், ஆக்லந்து தெருவில் கடைகளுக்கு மேலே, ஓரறை வீடு ஒன்றை எடுத்தனர். பணத்தை வீணாக்குகின்றனர் என்றே நாம் கருதினோம்.

செயின்ட் கில்டா நகர மையத்திலிருந்து தென்கிழக்கே ஆறு கிலோமீட்டர் அளவில், போர்ட் பிலிப் வளைகுடாவின் கரையில் அமைந்தது. 1840-களின் தொடக்கத்தில் அங்கே நங்கூரமிட்டு நின்ற பாய்மரக் கப்பல் ஒன்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. 1857-இல் ரயில் வந்தது. செல்வர்கள் மாளிகை கட்டினர். 1912-இல் லூனா பார்க் என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அகல வாய் திறந்து சிரிக்கும் பெருமுகமே அதன் நுழைவாயில். காலப்போக்கில் செல்வர்கள் அகன்றனர். மாளிகைகள் பல அறைவாடகை விடுதிகளாயின. சிறு சிறு அடுக்கு வீடுகள் எழுந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூத மக்கள் ஆக்லந்து தெருவில் இனிப்பு ரொட்டிக் கடைகளை வைத்தனர். ஆகவே, புதிதாய் வருவோர்க்கு இடமளித்துப் பழகிய ஊர் அது. அங்கே வாடகைக்கு விடப்படும் சிறு வீடுகள் மிகுந்திருப்பதற்கும் இவ்வரலாறே காரணம்.

போக்குவரத்தும் எளிது. பழைய ரயில் பாதையை 1987-இல் டிராம் வண்டிக்கு மாற்றினர். 96-ஆம் எண் டிராம் அவ்வழியே நகர மையத்திற்குச் செல்கின்றது. வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடுகின்றது. கார் இல்லாத குடும்பத்திற்கு இதனால் ஆகும் மிச்சம் சிறிதன்று. காரின் விலை, காப்பீடு, எரிபொருள், பழுதுபார்ப்பு ஆகியவற்றை வாடகையோடு சேர்த்துக் கணக்கிட்டபோது, தொலைவிலுள்ள மலிவான வீடு நாம் எண்ணிய அளவு மலிவாக இல்லை. இக்கணக்கை நமக்குப் போட்டுக் காட்டியவள் நம் மருமகளே.

வாடகை பேசுவதில் அந்நாட்டு வழக்கங்கள் சிலவற்றை அறிந்துகொள்ளல் நலம். அங்கே வாடகையை வாரக் கணக்கில் கூறுவர். எடுத்துக்காட்டாக, வாரம் 500 டாலர் என்றால், மாதம் 2,000 டாலர் என்று மனம் கணக்கிட்டுவிடும். அது பிழை. ஆண்டுக்கு 52 வாரங்கள். 500-ஐ 52-ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 2,167 டாலர் வருகின்றது. மாதந்தோறும் 167 டாலர் துண்டு விழுவதைப் பின்னர் உணர்ந்து வருந்துவதினும் முன்னரே அறிதல் நன்று.

அடுத்தது 'பாண்டு' என்னும் சொல். நம் அலுவலகங்களில் பாண்டு என்றால் உறுதிப் பத்திரம். கோப்புகளில் பல்லாண்டுகளாக அவ்வாறே மொழிபெயர்த்துப் பழகிய நாம், மருமகள் அனுப்பிய ஒப்பந்தத்தில் அச்சொல்லைக் கண்டதும் எவரேனும் பிணை நிற்க வேண்டும் போலும் என்று எண்ணிவிட்டோம். அங்கே அது வாடகை முன்பணம். மெல்பர்ன் உள்ள விக்டோரியா மாநிலத்தில், வார வாடகை 900 டாலருக்கு மேற்படாத வீட்டிற்குப் பொதுவாக ஒரு மாத வாடகைக்கு மிகாமல்தான் முன்பணம் வாங்கலாம். வீட்டுக்காரர் அதைத் தம் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. வாடகை முன்பணங்களுக்கென அமைந்த அரசு ஆணையத்தில் பத்து வேலை நாட்களுக்குள் செலுத்தியாக வேண்டும். ஓராண்டு வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, வீட்டைக் காலி செய்தபின் அதற்காக நடையாய் நடப்பவர்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு இம்முறையின் அருமை விளங்கும்.

குடிபுகும்போது வீட்டின் நிலையறிக்கை ஒன்றைத் தருவர். சுவரின் கீறல், கம்பளத்தின் கறை, மூடாத சன்னல் ஆகிய யாவற்றையும் அதில் குறித்து, ஐந்து வேலை நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். புதியவர் பலர் இதனை வெறும் சடங்கென்று எண்ணிக் கையொப்பமிட்டு விடுகின்றனர். நம் மருமகள் அறை அறையாய்ப் படம் எடுத்து ஒவ்வொரு குறையையும் எழுதி வைத்தாள். வீட்டைவிட்டு நீங்கும் நாளில் முகவர் கம்பளத்தில் ஒரு கறையைச் சுட்டிக் காட்டினார். அவள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தைச் சுட்டிக் காட்டினாள். முன்பணம் குறைவின்றித் திரும்பி வந்தது.

விளம்பரத்தில் குறித்த வாடகைக்கு மேல் கேட்பது 2021 முதலே அம்மாநிலத்தில் தடுக்கப்பட்டுள்ளது. 2025 நவம்பர் முதல், குடிவருவோர் தாமே முன்வந்து கூடுதலாகத் தந்தாலும் ஏற்கலாகாது என்பது சட்டம். எனினும் போட்டி ஓய்ந்துவிடவில்லை. பதினைந்து நிமிடமே திறந்து வைக்கும் வீட்டைப் பார்க்க வரிசையில் நிற்பர். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் சான்று புதியவரிடம் இராது. ஆகையால், வேலை நியமனக் கடிதம், வங்கிக் கணக்கின் நிலை, அடையாளச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்து கையில் வைத்திருத்தல் வேண்டும். வீட்டைத் தாமோ தமக்கு வேண்டியவரோ நேரில் காணுமுன் எவருக்கும் பணம் அனுப்புதல் கூடாது. ஊரிலிருந்தபடியே வீடு பிடிக்க நினைப்பவர்களை ஏமாற்றுவோர் எந்நாட்டிலும் உளர்.

இவ்வளவு விழிப்போடிருந்த நம் மருமகள் ஓரிடத்தில் ஏமாந்தாள். ஏமாற்றியது மனிதரல்லர், பருவகாலம்! அவள் அவ்வீட்டைக் கண்டது ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை முற்பகலில். ஜூலை அந்நாட்டில் கடுங்குளிர்காலம். கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. தெருவில் முதியவர் சிலரே நடமாடினர். டிசம்பரில் கோடை பிறந்ததும் தெரு வேறு உருக் கொண்டது. வெள்ளி இரவும் சனி இரவும் கீழே பாட்டும் கூச்சலும், குடித்தவர்களின் சச்சரவு, விடியற்காலையில் வெற்றுப் புட்டிகளை வண்டியில் கொட்டும் ஓசை. உறக்கமின்றி இருவரும் வாடினர். ஓராண்டு ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் பணம் இழக்க நேரும். ஆதலின், ஆண்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தனர். "நாம் சொன்னபடி கேட்டிருந்தால்..." என்று ஒரு நாள் தொலைபேசியில் தொடங்கினோம். அவள் உடனே, "இல்லை மாமா, ஊர் சரி, சன்னல்தான் தவறு" என்றாள். அடுத்த ஆண்டு, இரண்டு தெரு தள்ளி, பின்புறம் நோக்கிய வீடொன்றிற்கு மாறினர். ஊர் அதுவே, கடல் அதுவே, உறக்கம் மட்டும் மீண்டு வந்தது.

2025 மார்ச்சு மாதம் நாம் அங்கே சென்று தங்கினோம். அவள் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. சென்னைக் கடற்கரையில் கதிரவன் எழுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு, அங்கே அவன் கடலில் இறங்குவது புதுமையாயிருந்தது. அக்கரை மேற்கு நோக்கியது. 1956-இல் மெல்பர்னில் நடந்த ஒலிம்பிக் போட்டியின் படகுப் பந்தயத்திற்காகக் கட்டிய அலைதடுப்புக் கற்களிடையே சின்னஞ்சிறு பெங்குவின் பறவைகள் குடியிருக்கின்றன. வளைகுடா ஆதலின் பேரலை இல்லை. பெருமழைக்குப்பின் வடிகால் நீர் கலப்பதால் இரண்டு நாள் கடலில் இறங்காமலிருத்தல் நலம் என்பர். இவையெல்லாம் வழிகாட்டி நூல்களிலும் கிடைக்கும். நாம் கண்டு வியந்தது வேறு.

மருமகளோடு கடைத்தெருவுக்குப் போன முதல் நாளில், நூறு கஜ தூரம் நடப்பதற்குள் நால்வர் அவளை நிறுத்திப் பேசினர். ரொட்டிக் கடை மூதாட்டி ஒருவர், "இவர்தாம் அந்தப் பெரிய வீடு எடுக்கச் சொன்ன மாமாவா?" என்று கேட்டுச் சிரித்தார். நாம் நாணி நின்றோம். அம்மூதாட்டியும் சிறுமியாய் இருந்தபோது வேற்று நாட்டிலிருந்து வந்தவராம். வேலையற்றிருந்த எட்டு மாதங்களில், நாள்தோறும் ஒரு கோப்பைக் காப்பிக்காக நம் மருமகள் போய் அமர்ந்தது அக்கடையில்தான். ஆசிரியப் பதிவு வந்ததைக் கணவருக்கு அடுத்தபடியாக அவள் சொன்னதும் அங்கேதான். நமக்கு நான்காம் நாளில்தான் செய்தி வந்தது!

இதனால் கடலோரமே எல்லார்க்கும் உகந்தது என்று சொல்ல வரவில்லை. பெற்றோரை உடன் வைத்துக்கொள்வோர்க்கு அறைகள் தேவை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பின் பள்ளியின் அண்மையே முதற்கண் நோக்கத்தக்கது. கோயிலும் நம்மவர் கூட்டமும் சிலருக்கு உயிர்மூச்சு. அவர்களுக்கு டார்னீட்டே கடற்கரையாகும். பழைய செங்கல் அடுக்கு வீடுகள் குளிர்காலத்தில் சில்லிட்டுப் போகும். வெப்பமூட்டி எத்தகையது என்று கேட்காமல் எடுத்தல் ஆகாது. நாம் வேண்டுவது ஒன்றே. வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் காணுங்கள்; வேலை நாளில் ஒருமுறையும் விடுமுறை நாளில் ஒருமுறையும் அத்தெருவில் நடந்து பாருங்கள். குளிர்காலத்தில் காண்பவர் கோடை எப்படியிருக்கும் என்று கீழ்க்கடைக்காரரை உசாவுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வீட்டில் பகற்பொழுதைக் கழிக்கப் போகின்றவர் எவரோ, அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அலுவலகம் செல்பவருக்கு வீடு இரவு தங்குமிடம். வீட்டிலிருப்பவருக்கோ அதுவே ஊர், அதுவே நாடு.

நாம் திரும்பிய சில மாதங்களில் அவர்கள் கைக்குழந்தையோடு, சற்றே அமைதியான பக்கத்து ஊராகிய எல்வுட்டிற்கு மாறினர். அங்கே அறை ஒன்று கூடுதல். கடலோர நடைபாதையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் பழைய ரொட்டிக் கடைக்குப் போய்விடலாம். வாரத்தில் இருமுறையேனும் போகின்றாளாம். இம்முறை வீடு எங்கே எடுப்பது என்று அவள் நம்மைக் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.