மெதுவோட்டமும் விரைவோட்டமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை நம் சங்கத்தார் நடத்திய மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டியில் நாமும் கலந்துகொண்டோம். கடைசியாக வருபவரே அதில் வெற்றி பெறுபவர். பாதி தூரமும் கடக்கு முன்னரே நாம் தரையில் காலூன்றி நீக்கப்பட்டோம். கரோல் பாகிலிருந்து இந்தியா கேட் அருகிலுள்ள அலுவலகம் வரை நாள்தோறும் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மிதிக்கும் இரயில்வே எழுத்தரின் கதி இதுவாயிற்றே என்று சிறுவர் கைகொட்டிச் சிரித்தனர்.

மெல்லச் செல்லுதல் எளிதன்று. வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே கைப்பிடியைத் திருப்பிச் சமன் செய்கின்றோம். விரைவு இருந்தால் சிறு திருப்பம் போதும். விரைவு குறையக் குறையத் திருப்பம் பெரிதாகிக் கை தடுமாறும். விரைந்து செல்வோர்க்கோ காற்றே பகை. விரைவு இருமடங்கானால் காற்றை வெல்ல எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். அக்காற்றையும் மீறி, இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022-இல் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். நம் அலுவலகத்தை அவர் ஏழரை நிமிடத்தில் அடைந்துவிடுவார்; பஞ்ச்குயான் சாலை நெரிசல் வழிவிட்டால்!

2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக இத்தலைநகரில் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 250 மீட்டர் மரத்தடம் அமைத்தனர். அங்குப் பயின்ற ஈசோ ஆல்பன், ரொனால்டோ சிங் முதலியோர் 2019-இல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்றனர். இருவர் மட்டும் மோதும் விரைவோட்டமும் அத்தடத்தில் உண்டு. அதன் தொடக்கத்தில் வீரர் சிலவேளை வண்டியை அசையாது நிறுத்திவிடுவர். முன்செல்பவர் காற்றைப் பிளக்க, பின்வருபவர் அம்மறைவில் வலிமையைக் காத்து இறுதியிற் பாயலாம் என்பதால் எவரும் முந்த விரும்பார். காலையில் தோற்ற நமக்கு இதனை நினைக்கச் சற்று ஆறுதலாயிருந்தது.

நம்முடைய விரைவோ வருகைப் பதிவேட்டுக்கு அஞ்சிய விரைவு. மூன்றாண்டுகளுக்கு முன் மார்கழி மூடுபனியில் பால்காரர் ஒருவரின் வண்டியில் மோதினோம். இருபுறமும் கேன்கள் தொங்க அவர் மெல்லவே சென்றுகொண்டிருந்தார். பாரம் சுமப்பவர் வேறெவ்வாறு செல்வார்? ஒரு கேன் கவிழ்ந்து பால் சாலையில் ஓடியது. வைவார் என்று நின்றோம். அவரோ நம் சாப்பாட்டு அடுக்கை எடுத்து, மண்ணைத் துடைத்துக் கையில் தந்த பின்னரே தம் பாலைப் பார்த்தார். நீட்டிய பணத்தில் பாதியே பெற்றுக்கொண்டு, "போங்கள் பாபுஜி, உங்களுக்கு நேரமாகிறது" என்றார். எஞ்சிய வழி முழுதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பதிவேட்டில் சிவப்புக் குறி விழுந்தது.

அதன்பின் கால்மணி முன்னதாகவே புறப்படுகின்றோம். முன்னர் இராஜபாதையாயிருந்து 2022-இல் கர்த்தவ்ய பாதையெனப் பெயர் மாறிய சாலையோரத்து நாவல் மரங்களை அண்ணாந்து பார்க்கவும் இப்போது பொழுது கிடைக்கிறது. பொய் சொல்வானேன்? இளைஞர் எவரேனும் விர்ரென்று கடந்து சென்றால் நம் கால் இன்றும் தானே விரையத்தான் செய்கிறது.

அப்பால்காரரைச் சில காலைகளில் காண்கின்றோம். இரண்டு கேன் பாலோடு நெரிசலில் காலூன்றாமல் அவர் ஊர்ந்து செல்லும் அழகே தனி. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவரை அழைத்து வரலாமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கின்றோம். உறுப்பினரல்லாதார்க்கு இடமுண்டா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கின்றார்.