கழுவுவதா, கூப்பிடுவதா?



மொழிபெயர்ப்பாளனுக்கு இருமொழிப் புலமை போதும் என்று பல ஆண்டுகளாக வகுப்பறையிலே சொல்லி வந்தவன் நான். அக்கூற்றை இன்று திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

பிராக் நகரில் வாழும் நண்பர் ஒருவர், ஜேர்மன் மொழியிலுள்ள ஒளிப்படக் கைந்நூல் ஒன்றைச் செக் மொழியில் ஆக்குவதற்கு ஆள் தேடினார். இரு மொழியும் அறிந்தோர் பலர் கிடைத்தனர்; தக்கவர் கிடைக்கவில்லை. காரணம் கேட்டேன். அவர் ஒரு சொல்லைக் கொண்டே விளக்கினார்.

ஒளிப்படச் சுருளை இரசாயனக் கரைசலில் இட்டு உருவத்தைத் தோன்றச் செய்வதை நாம் 'படம் கழுவுதல்' என்கிறோம். ஜேர்மானியர் 'என்ற்விக்கெல்ன்' என்பர்; விரித்தல், வளர்த்தல் என்பன அதன் பொதுப்பொருள். செக் மக்களோ 'விவொலாட்' என்பர். வெளியே வரும்படி கூப்பிடுதல் என்பது பொருள். அகராதியைப் புரட்டி 'வளர்த்தல்' என்பதற்குரிய செக் சொல்லை இட்டால், ஒளிப்படக் கலைஞர் நகைப்பார்.

அச்சுக்கலையிலும் இதே கதைதான். ஜேர்மன் மொழியில் 'சாட்ஸ்' என்றால் வாக்கியம், அச்சகத்திலே அச்சுக்கோப்பு. 'துறுக்' என்றால் அழுத்தம், அச்சுப்பதிவும் அதுவே. செக் மொழியிலோ இந்நான்குக்கும் வெவ்வேறு சொற்கள். ஒன்று இரண்டாகப் பிரியும் அந்தச் சந்தியிலேதான் தொழிலறியாதவர் வழி தவறுகிறார்.

இத்தனைக்கும் இவை அயல்வீட்டு மொழிகள். கல்லச்சு முறையைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனெபெல்டர் 1771இல் பிராக்கிலே பிறந்தவர். 1818இல் வெளிவந்த அவரது கல்லச்சுப் பாடநூலோ ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டது.

அப்படியாயின் தக்கவரைக் கண்டறிவது எவ்வாறு? செக் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருத்தல் முதல் தகுதி. நீதிமன்ற முத்திரை சான்றிதழ்களுக்கு உதவும், இருட்டறைக்கு உதவாது. ஒரு பக்கத்தைக் கொடுத்து மொழிபெயர்ப்பித்து, அதனை ஜேர்மன் அறியாத செக் தொழிலாளி ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அதைக்கொண்டு அவர் தடையின்றி வேலை செய்தால், நீங்கள் தேடியவர் கிடைத்துவிட்டார். இன்னுமொன்று: ஐயம் எதுவும் கேளாமல் வேலையை முடித்துத் தருபவரைச் சற்று ஐயுறுங்கள்.

கவிதையிலே ஒரு சொல் பிழைத்தால் சுவை கெடும். இங்கே படமே கெடும். கெட்ட படத்தை மீண்டும் எடுக்க, அந்தக் கணம் திரும்பி வராது.

ஆகவே, என் மாணவர்களுக்கு இப்போது வேறொன்று சொல்கிறேன்: அகராதியோடு நின்றுவிடாதீர்கள், அச்சகத்து வாசற்படியும் ஏறுங்கள்.