சாரத்தை எண்ணிய பேராசிரியர்

(நோர்வூட்டில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



வட்டி வாங்குவது பாவம் என்கிறது இஸ்லாம். வட்டி கொடுத்தே காலம் கழிப்பது எத்தகையது என்பதை நோர்வூட்டில் வாழும் நாம் எவரிடமும் சென்று கேட்டறிய வேண்டியதில்லை. அடகுக் கடையின் சீட்டு, கிழமைதோறும் வாயிலில் வந்து நிற்கும் நுண்கடன் கம்பெனியின் ஆள், கடைக்காரரின் பற்றுப் புத்தகம் - இம்மூன்றையும் அறியாத லயம் இம்மலையில் ஏதேனும் உண்டா? மரக்கறி பயிரிடும் உழவருக்கு விதை வாங்கும் நாளிலேயே அறுவடையின் ஒரு பங்கு பிறர் கைக்குப் போய்விடுகிறது. படித்து உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞருக்கோ சம்பளப் பத்திரத்தில் வந்ததைவிடக் கழிந்ததே மிகுதி. ஆகவே, இன்று நாம் எடுத்துக்கொண்ட மனிதர் கடல் கடந்த நாட்டினராயினும், அவர் ஆராய்ந்தது நம் வீட்டு விவகாரத்தைத்தான்.

அவர் பெயர் உங்கு அப்துல் அஸீஸ். அப்துல் அஸீஸ் என்றதும் இங்கேயுள்ள மூத்தோருக்கு வேறொருவர் முகம் நினைவில் எழும். தோட்டத் தொழிலாளரைத் திரட்டி, ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசைக் கண்ட தலைவர் அவர். நாம் பேசுவது அவரைப் பற்றியன்று. மலாயாவின் பொருளாதாரப் பேராசிரியரைப் பற்றி.

1922இல் இலண்டனில் பிறந்தவர். ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். போர்க்காலத்தில் ஜப்பானில் பயின்றார். 1951இல் பொருளாதாரத்தில் சிறப்புப் பட்டம் பெற்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1956-57இல் மலாய் மொழி வளர்ச்சி நிறுவனத்தை நடத்தினார். 1968 முதல் 1988 வரை இருபதாண்டுகள் துணைவேந்தராய் வீற்றிருந்தார். 1978இல் அரச பேராசிரியர் என்ற பட்டம் பெற்றார். 2020 டிசம்பரில், தமது 98ஆம் வயதில் மறைந்தார். பதவிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். அதில் நமக்கு நாட்டமில்லை. அரண்மனை உறவோடு பிறந்த ஒருவர், குடிசைக்குள் புகுந்து கொடியில் தொங்கிய துணியை ஏன் எண்ணினார் என்பதே நமக்கு வேண்டுவது.

ஆம், துணியைத்தான் எண்ணினார்! வறுமையை எப்படி அளப்பது? வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ஏழை சரியாகச் சொல்லமாட்டான். மாதத்துக்கு மாதம் மாறுவதை அவன் எப்படிச் சொல்வான்? பேராசிரியர் வேறு வழி கண்டார். ஒரு வீட்டிலுள்ள சாரங்களை எண்ணு. ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆட்களின் தொகையால் அதை வகு. வரும் எண்ணே அவ்வீட்டின் நிலை. மலாய்க் கிராமத்தில் சாரம் உடுக்கும் உடை மட்டுமன்று. குளிக்கவும் தொழவும் அதுவே. இரவில் போர்வை அது. குழந்தைக்குத் தொட்டில் அது. ஆளுக்கு ஒன்றுகூடத் தேறாத வீட்டில் வறுமை எத்தகையது என்பதைப் புள்ளிவிவர இலாகாவின் பேரேடு சொல்வதைவிடச் சாரம் தெளிவாகச் சொல்லிவிடும். இதைக் கேட்டு நகைத்த படிப்பாளிகள் இருந்திருக்கலாம். இந்தக் குளிரில் வாழும் நாம் நகைக்கமாட்டோம். நோர்வூட்டில் அவர் பிறந்திருந்தால் கம்பளியை எண்ணியிருப்பார். அல்லது அடகில் இருக்கும் தாலிக்கொடியை!

வறுமை ஏன் வருகிறது என்பதற்கும் அவர் துணிந்து விடை சொன்னார். 'சோம்பல், மூடநம்பிக்கை, தலைவிதி' என்று ஆள்வோர் பாடிய பாட்டை அவர் ஏற்கவில்லை. விளைச்சல் குறைவு, சுரண்டல், அரசின் புறக்கணிப்பு ஆகிய மூன்றே காரணம் என்றார். கிராமத்தில் கடைக்காரர் ஒருவரே. கடன் கொடுப்பவரும் அவரே. விளைந்ததை வாங்குபவரும் அவரே. விற்கும்போது அவர் சொன்ன விலை. வாங்கும்போதும் அவர் சொன்ன விலை. இரு பக்கமும் ஒருவனே உட்கார்ந்திருக்கும் தராசில் ஏழையின் தட்டு எப்படித் தாழும்?

இதைக் கேட்கும்போது நமக்குத் 'துண்டு' முறை நினைவுக்கு வரவில்லையா? நம் பாட்டன் பூட்டன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போக வேண்டுமானால், அவன் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவனை வாங்கிக்கொள்ளும். கடன் தீர்ந்ததா? இல்லை, கடன்காரர் மாறினார், அவ்வளவே. கங்காணி கொடுத்த முற்பணத்தில் தொடங்கிய அந்தச் சங்கிலியை 1921இல் சட்டம் அறுத்தது. மனிதனை மண்ணோடு கட்டக் கடனைவிட உறுதியான கயிறு உலகில் திரிக்கப்படவில்லை என்பதை நம் முன்னோர் பொருளாதார நூல் படிக்காமலே அறிந்திருந்தனர்.

இனி, உங்கு அஸீஸின் பெயரை இஸ்லாமிய நிதியின் வரலாற்றில் பொறித்த செயலுக்கு வருவோம். மலாய் உழவர் மக்கா செல்ல ஆசைப்படுவர். அதற்காக ஆயுள் முழுதும் சேர்ப்பர். வங்கியில் போட்டால் வட்டி கலந்துவிடும் என்று அஞ்சித் தலையணைக்குள்ளும் மூங்கிலுக்குள்ளும் பணத்தை ஒளித்து வைப்பர். சேர்ந்தது போதாதபோது நிலத்தை விற்பர், எருமையை விற்பர். ஹஜ் முடித்துப் பெரும்பேறு பெற்றுத் திரும்பியவர் ஊரிலே கூலியாக நிற்பார். பக்தி இருந்தது; பணமும் ஓரளவு இருந்தது; இரண்டையும் இணைக்கும் நிறுவனம் ஒன்று இல்லை. 1959 டிசம்பரில் பேராசிரியர் ஒரு திட்டம் எழுதி அரசிடம் வைத்தார். 'உழவனின் நம்பிக்கையைப் பழிக்காதீர். அந்த நம்பிக்கைக்கு இசைந்த சேமிப்பு நிலையத்தை அமையுங்கள்' என்பதே அதன் சாரம்.

1963இல் அது வேலை தொடங்கியது. முதலில் சேர்ந்தோர் 1,281 பேர். சேர்ந்த பணம் 46,600 வெள்ளி. 1969இல் யாத்திரை அலுவலகத்தோடு இணைந்து, இன்று 'தாபுங் ஹாஜி' என்று உலகறிந்த நிறுவனமாயிற்று. இப்போது தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பணம் வைத்திருக்கின்றனர். அது எப்படி நடக்கிறது? பணம் அமானிதமாக ஒப்படைக்கப்படுகிறது. நிறுவனம் அதை நிலத்திலும் தொழிலிலும் இடுகிறது. இத்தனை சதவீதம் தருவோம் என்று முன்கூட்டி வாக்களிப்பதில்லை. இலாபம் வந்தால் ஜகாத் கழித்து மீதியிலிருந்து பங்கு அளிக்கப்படுகிறது. அதே 1963இல் எகிப்தின் மித் கம்ர் என்னும் ஊரிலும் அஹ்மத் அல் நஜ்ஜார் என்பவர் உழவருக்கென வட்டியில்லாச் சேமிப்பு வங்கி தொடங்கினார்; அது நான்கைந்து ஆண்டுகளுக்குமேல் தனித்து நிற்கவில்லை. மலாயாவில் விதைத்தது வேரூன்றியது. எண்ணெய்ப் பணத்தில் மிதக்கும் பெரும் இஸ்லாமிய வங்கிகள் பிறப்பதற்கு முன்னரே, எருமை விற்ற உழவனுக்காக இது பிறந்தது என்பதை மறக்கலாகாது.

தமிழராகிய நாம் அவரை நினைக்க இன்னொரு காரணம் உண்டு. நம் மட்டில் அதுவே பெரிது. மலாயா 1957இல் விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைத் துரைமார் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாய்க் கூறுபோட்டு விற்றனர். பால்மரம் வெட்டிய தமிழன் வேலையிழந்தான், லயத்தை இழந்தான். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தக் கூறுபோடலை விரிவாக ஆராய்ந்து நூலாக்கியவர் உங்கு அஸீஸ். தொழிலாளிக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் இது கேடு என்பதே அவர் முடிவு.

ஆராய்ச்சி நூலால் லயத்தின் கூரை நிற்குமா? அதற்கு வேறொருவர் புறப்பட்டார். அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நீங்களே வாங்குங்கள் என்றார். வேலையிழக்கும் அச்சத்தில் இருந்தவர்கள் கொடுத்தனர். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் உடைமையாயிற்று. பின்னாளில் பல தோட்டங்கள் சேர்ந்தன. கூலியாய்ப் போன தமிழன் கூட்டாகச் சேர்ந்து முதலாளியான அந்தச் செய்தி அந்நாளில் இம்மலைக்கு வந்து சேர்ந்திருந்தால்! ஆனால் அன்று நம் மக்கள் எங்கிருந்தனர்? 1948இல் குடியுரிமை பறிபோய், மறு ஆண்டில் வாக்குரிமையும் போய், 1964இல் இரு பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தில் தலைக்கணக்காகப் பங்கிடப்பட்டுக் கொண்டிருந்தனர். நாடற்றவன் தோட்டம் வாங்குவது எங்ஙனம்?

பேராசிரியரைப் போற்றுவதால் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அவர் துணைவேந்தராய் இருந்த காலத்தில்தான் 1971ஆம் ஆண்டுச் சட்டம் மாணவரின் அரசியல் குரலை அடக்கியது. 1974இல் பாலிங் பகுதி ரப்பர் உழவரின் பசிக்காகக் கோலாலம்பூர் வீதியில் திரண்ட மாணவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். வறுமையை எண்ணக் கற்பித்தவரின் மாணாக்கர், வறுமையைப் பேசியதற்காகப் பிடிபட்டனர்! கிராம முன்னேற்றம் என்று அந்நாட்டில் செலவிடப்பட்ட பெரும்பணம் தோட்ட வேலிக்கு வெளியேயே நின்றது. வேலிக்குள் இருந்த தமிழ் ஏழை தனியார் நிலத்து ஏழை என்று ஒதுக்கப்பட்டான். நம்முடைய அனுபவமும் அதுவே. வேலிகள் எந்நாட்டிலும் ஒரே உயரம்போலும்.

கூட்டுறவில் அவர் கொண்ட பற்று உண்மையானது. பள்ளிப் பிள்ளைகளே உறுப்பினராகிக் கணக்கெழுதி நடத்தும் பள்ளிக் கூட்டுறவுச் சங்கங்களை ஊக்குவித்தார். 1971 முதல் அந்நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தின் தலைமையை நெடுங்காலம் வகித்தார். அவர் மகள் ஸெத்தி அக்தார் அஸீஸ் 2000 முதல் 2016 வரை மலேசிய மத்திய வங்கியின் ஆளுநராக இருந்து, இஸ்லாமிய நிதிக்கு உலகின் தலைநகரங்களுள் ஒன்றாகக் கோலாலம்பூரை ஆக்கினார். எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இன்று இஸ்லாமிய வங்கிகள் செய்வதில் பெரும்பங்கு, பொருளை வாங்கி இலாபம் வைத்துத் தவணைக்கு விற்பது. நட்டத்திலும் பங்கேற்கும் கூட்டு முயற்சி மிகச் சிறிதே. தவணைக்கு வாங்கும் ஏழையின் கண்ணுக்கு அந்த இலாபமும் வட்டியும் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றினால் அவனைக் குறை சொல்வதெப்படி?

தாபுங் ஹாஜியும் சோதனைக்குத் தப்பவில்லை. அதன் சொத்தைவிடப் பொறுப்பு மிகுந்துவிட்டது என்ற உண்மை 2018இல் வெளியாயிற்று. அரசு தலையிட்டு, மதிப்பிழந்த சொத்துக்களை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் காக்க வேண்டியதாயிற்று. இலாபம் குறைந்த ஆண்டிலும் தாராளமாகப் பங்கு கொடுத்துப் பெயர் வாங்க முனைந்ததன் விளைவு அது. இதை நாம் வேடிக்கை பார்க்கவில்லை. நம் ஊழியர் சேமலாப நிதி என்னவாயிற்று? 1958 முதல் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்த்த பணம் அரசின் கடன் பத்திரங்களில் கிடந்தது; 2023இல் நாட்டின் கடனை மறுசீரமைத்தபோது அப்பத்திரங்கள் நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. நடுவே நம்மை எவரேனும் கலந்தனரா?

இலங்கைச் சட்டம் வட்டியில்லா வங்கிமுறைக்கு 2005இல் இடமளித்தது. 2011இல் அமானா வங்கி முழுமையாக அம்முறையில் தொடங்கியது. இந்தியாவிலோ, தமிழரான ரகுராம் ராஜன் தலைமை தாங்கிய குழு 2008இல் வட்டியில்லா வங்கிமுறையைப் பரிந்துரைத்தும், ரிசர்வ் வங்கி 2017இல் அதைக் கைவிட்டது. இம்மலையில் நமக்கு வேண்டியது எது? வங்கியின் மதம் எது என்ற ஆராய்ச்சியா? தீபாவளிக்குத் தோட்டம் கொடுக்கும் முற்பணத்துக்கு வட்டியில்லை, மாதாமாதம் கழிக்கப்படுகிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து கட்டும் சீட்டுக்கும், ஏலம் போடாவிட்டால், வட்டியில்லை. வட்டியில்லாக் கடனை நாம் அறியாதவர்களல்லர். அதைத் தோட்டத்தளவில் பதிவு பெற்ற சங்கமாக, ஆண்டுக்கொருமுறை எல்லோர் முன்னும் கணக்கு வாசிக்கும் சங்கமாக ஆக்கவில்லை. அது ஒன்றே குறை.

அதற்கு முதற்படியாகக் கணக்கு வேண்டும். மேசையில் தாள்கள் வைத்திருக்கிறோம். ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் ஆளுக்கொரு லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். எத்தனை பேர் அந்த வீட்டில், எத்தனை கம்பளி, எத்தனை நகை அடகில், கிழமைக்கு எவ்வளவு தவணை - இந்நான்கை மட்டும் கேட்டு எழுதி, அடுத்த சம்பள நாளைக்குள் கொண்டுவந்து சேருங்கள்.