அரைநாளில் அடங்காத லக்சர்

எகிப்து என்றதும் எல்லாருக்கும் பிரமிடுதான் நினைவுக்கு வரும். அந்தப் பிரமிடு நிற்கும் கீசாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 650 கிலோமீட்டர் போனால், நைல் கரையில் லக்சர் என்ற ஊர். இன்று அங்கேதான் போகிறோம். கூடவே, குழுப் பயணமாக அங்கே போக நினைப்பவர்கள் எந்தப் பேக்கேஜில் சேரலாம் என்பதையும் பேசிவிடலாம். லக்சரில் உங்கள் கண்ணில் எது படும், எது படாது என்பது நீங்கள் முன்பணம் கட்டும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

ஊரின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் நைல். கிழக்குக் கரையில் கோயில்களும் இன்றைய ஊரும். மேற்குக் கரையில் கரும்புத் தோட்டம், அதைத் தாண்டியதும் புல் பூண்டில்லாத மஞ்சள் மலை. சூரியன் உதிக்கும் பக்கம் தெய்வங்களுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கும், மறையும் பக்கம் இறந்தவர்களுக்கும். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தியப் பேரரசின் தலைநகராக இருந்த தீப்ஸ் இதுதான்.

கிழக்குக் கரையில் கர்னாக். ஆமூன் தெய்வத்தின் கோயில். மன்னர் மாறி மன்னராக ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு தூண் மண்டபம்; முதலாம் சேத்தியும் அவன் மகன் இரண்டாம் ராம்செசும் எழுப்பியது. மொத்தம் 134 தூண்கள். நடு வரிசையில் நிற்கும் பன்னிரண்டும் 21 மீட்டர் உயரம், அதாவது ஆறேழு மாடி. ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க ஆறு பேராவது வேண்டும். அண்ணாந்து பார்த்தால், வெயில் படாத உத்தரங்களின் அடிப்பக்கத்தில் நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த மண்டபம் எந்த வழிகாட்டியும் இல்லாமலே உங்களைத் திகைக்க வைக்கும். ஆனால் அதற்கு முன்னால், நுழைவு மதிலின் உட்பக்கத்தில் ஒரு மண்மேடு கிடக்கிறது. பச்சைச் செங்கல் மேடு. கவனிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம். அந்த மதிலைக் கட்டும்போது கற்களை மேலே ஏற்றுவதற்காகப் போட்ட சாரம் அது. கட்டி முடிக்காமல் விட்டதால் சாரமும் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை பெரிய கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று எல்லாரும் கேட்கிற கேள்விக்கு விடை பாதையோரத்திலேயே கிடக்கிறது. நல்ல வழிகாட்டி அங்கே பத்து நிமிடம் நிறுத்துவார். அவசரத்தில் இருப்பவர் தலையை எண்ணிக்கொண்டு நேரே தூண் மண்டபத்துக்கு ஓட்டிப்போவார்.

அவசரம் எங்கிருந்து வருகிறது? பயணத்திட்டத்திலிருந்து. சில பேக்கேஜ்களில் செங்கடல் கரையிலுள்ள ஹுர்கதாவில் தங்க வைத்து, அங்கிருந்து லக்சருக்கு ஒருநாள் பயணம் என்று போட்டிருப்பார்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். ஊருக்குள் நுழையும்போதே வெயில் ஏறிவிட்டிருக்கும். மிச்ச நேரத்தில் கர்னாக், படகு, மதிய உணவு, மன்னர் பள்ளத்தாக்கு, நடுவில் பப்பைரஸ் கடை ஒன்று, வெண்கல் சிற்பக் கடை ஒன்று. விளம்பரத்தாளில் பார்த்தால் இடங்களின் பட்டியல் நீளமாக, கவர்ச்சியாகத்தான் இருக்கும். இடங்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். லக்சரில் எத்தனை இரவு? ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பேக்கேஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இரவு ஏன் முக்கியம் என்றால், லக்சர் கோயிலைப் பார்க்க வேண்டிய நேரமே அந்தி சாய்ந்த பிறகுதான். இது ஊர் நடுவில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. கர்னாக்கிலிருந்து இங்கே வரை 2.7 கிலோமீட்டருக்கு இருபுறமும் ஸ்பிங்க்ஸ் சிலைகள் வரிசையாக அமைந்த பாதை. 2021 நவம்பரில்தான் முழுதாகத் திறந்துவிட்டார்கள். கோயில் வாசலில் ஒரே ஒரு கல்தூபி. இன்னொன்று எங்கே? பாரிஸ் நகரத்துச் சதுக்கம் ஒன்றில், 1836 முதல். அதற்குப் பதிலாகப் பிரான்ஸ் கொடுத்த கடிகாரம் கெய்ரோக் கோட்டை மசூதியில் வெகுகாலம் ஓடாமலே நின்றது. யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கோயிலுக்குள் இன்றும் தொழுகை நடக்கும் ஒரு மசூதி உண்டு, அபு ஹகாக் மசூதி. அதன் பழைய கதவு கோயில் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படியில்லாமல் சுவரில் நிற்கிறது. கோயில் மண்மூடிக் கிடந்த காலத்தில் அந்த மேட்டின்மேல் கட்டிய மசூதி. பிறகு மண்ணை அள்ளினார்கள், தரை கீழே போய்விட்டது, கதவு மேலேயே தங்கிவிட்டது. உள்ளே இன்னொரு அறையில் ரோமானியர் பழைய எகிப்தியச் சிற்பங்களின் மேல் சுண்ணாம்பு பூசி ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு உதிர்ந்த இடங்களில் பழைய தெய்வங்கள் எட்டிப் பார்க்கின்றன.

மறுநாள் விடியற்காலையில் மேற்குக் கரை. மன்னர் பள்ளத்தாக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பொதுச் சீட்டு ஒன்றுக்கு, திறந்திருப்பவற்றில் மூன்றைப் பார்க்கலாம். துத்தன்காமூன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்செஸ் கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு. இங்கேதான் ஒரு சங்கதி. கல்லறைக்குள் நின்று வழிகாட்டிகள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. கூட்டமும் மூச்சுக்காற்றின் ஈரமும் ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால். வெளியே நிழலில் உட்கார்த்தி, படம் காட்டி, எந்தச் சுவரில் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். வழிகாட்டியின் திறமை தெரியும் இடம் அதுதான். மூன்று கல்லறைகளில் எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பவரும் அவரே. முட்டி வலி உள்ளவர்களைச் செங்குத்தான படியில் இறக்கிவிடாமல், சரிவு குறைவான நான்காம் ராம்செஸ் கல்லறைக்கு அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

துத்தன்காமூன் கல்லறைக்குத் தனிக் காசு கொடுக்கலாமா? 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த கல்லறை என்ற பெயருக்காகப் போகலாம். கல்லறை சிறியது, அங்கே கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைக் காண, 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட, கீசாவிலுள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால் அந்தக் காசை ஆறாம் ராம்செசுக்குக் கொடுங்கள். கூரை முழுக்க நூத் என்னும் வானதேவியின் நீண்ட உடல், மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் ஈன்றெடுக்கிறாள். கீழே சுவரில் கிரேக்க எழுத்தில் கிறுக்கல்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வந்த சுற்றுலாப் பயணிகளும் நம்மவர்களைப் போலத்தான் பெயர் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தக் கல்லறைகளைக் குடைந்து, ஓவியம் தீட்டிய தொழிலாளிகளுக்கு மலைக்கு ஆற்றுப் பக்கமாக ஒரு குடியிருப்பு உண்டு. தேர் எல் மதீனா. வீடுகளின் அடிச்சுவர்கள் தெருத் தெருவாக அப்படியே இருக்கின்றன. மூன்றாம் ராம்செசின் 29ஆம் ஆட்சியாண்டில் படியரிசிபோல அளக்க வேண்டிய தானியம் வரவில்லை. ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதைப் பதிந்து வைத்த பப்பைரஸ் இத்தாலியில் தூரின் நகரில் இருக்கிறது. மன்னனுக்காக உழைத்த அதே கைகள் தங்களுக்கென்று குடைந்துகொண்ட சின்னக் கல்லறைகளும் இங்கே உண்டு. சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறையில் அவனும் மனைவியும் மறுமையில் வயல் அறுக்கிறார்கள். நிறம் நேற்றுப் பூசியதுபோல் இருக்கிறது.

பெரும்பாலான குழுப் பயணங்கள் இந்தக் குடியிருப்புக்குள் போவதே இல்லை. ஆகவே இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்தைக் கூப்பிட்டு, தேர் எல் மதீனா உண்டா என்று கேளுங்கள். இல்லை, வேண்டுமானால் ஏற்பாடு செய்கிறோம் என்றால் பரவாயில்லை. அது என்ன என்று உங்களையே திருப்பிக் கேட்டால், அவர்கள் விற்பது விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் மட்டும்.

நைல் கப்பல் பேக்கேஜ்களில் ஒரு நுணுக்கம். அஸ்வானில் ஏறி லக்சரில் இறங்குவது வழக்கமாக மூன்று இரவு. லக்சரில் ஏறி அஸ்வானுக்குப் போவது நான்கு இரவு. முதல் இரவு கப்பல் லக்சரிலேயே நிற்கும். விலை வித்தியாசம் கட்டுப்படியானால் நான்கு இரவையே எடுங்கள். வழியில் எத்ஃபூ, கோம் ஓம்போ கோயில்கள் இரு வகைப் பயணத்திலும் வருகின்றன.

நம் ஊரிலிருந்து போகும் குழுக்களில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் இங்கிருந்தே கூட வரும் டூர் மேனேஜர். பாஸ்போர்ட், சாப்பாடு, அறைச் சாவி எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் எகிப்தில் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி. வரலாறு சொல்பவர் அவர். முதலாமவரைப் பற்றித்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். இரண்டாமவரை விசாரியுங்கள். கெய்ரோ முதல் லக்சர் வரை ஒரே ஆளா, ஊருக்கு ஊர் மாறுவாரா? நாற்பது பேர் உள்ள பேருந்தில் கடைசி வரிசைக்காரருக்குக் கேட்கும்படி காதில் மாட்டும் கருவி தருவார்களா?

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் இரவு இந்திய உணவு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தால் யோசியுங்கள். அந்த உணவகத்துக்குப் போய்வரும் நேரம் லக்சர் கோயிலின் நேரத்திலிருந்துதான் கழியும். சோறும் மைசூர்ப் பருப்பும் மக்ரோனியும் கொண்டைக்கடலையும் கலந்து, வறுத்த வெங்காயம் தூவிய கொஷரி எங்கும் கிடைக்கிறது. சைவக்காரர்களுக்கு அதுவே வயிறு நிறையும்.

நமக்கும் இந்தப் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. லக்சருக்கு வடக்கே 40 கிலோமீட்டர் அளவில் கிஃப்த் என்ற ஊர், பழைய கோப்டோஸ். பழைய சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த சரக்கு செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி அங்கே வந்துதான் நைலில் ஏறியது. அந்தத் துறைகளில், பெரெனிகேயிலும் குசேர் அல் காதிமிலும், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரெனிகேயில் ஒரு தாழியில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகும் கிடைத்தது. இவை எந்தப் பேக்கேஜிலும் இல்லை. கிஃப்த் வழியாக வண்டி போகும்போது வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

முன்பணம் கட்டுமுன் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லக்சரில் எத்தனை இரவு, எந்தெந்த நுழைவுச் சீட்டு கட்டணத்தில் அடக்கம், டிப்ஸ் தனியா, கடைகளுக்கு எத்தனை நிறுத்தம். தனியாகப் போகிறவர்கள் ஒற்றை அறைக்கான கூடுதல் தொகையையும் கேட்டுவிடுங்கள். கோடைச் சலுகை என்று மே, ஜூன் மாதத்துக்கு விலை குறைத்தால் ஏமாற வேண்டாம். அப்போது லக்சரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம், கூட்டமும் அப்போதுதான். ஆகவே ஆறு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள்.