வயிற்று வலியும் ஸ்கேன் படமும்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போட உட்கார்ந்திருக்கீங்க, சுருக்கமாகப் பேசுகிறோம்.

"ஐயா, புள்ளைக்கு வயித்து வலி, பூச்சி இருக்கான்னு ஸ்கேன் எடுக்கணும்" என்று இப்போது பலர் வருகிறீர்கள். ஸ்கேனில் பூச்சி தெரியுமா? தெரியும். நாங்களே கண்ணால் கண்டோம்.

ஒரு மழைக்காலம். ஆறு வயதுப் பிள்ளைக்கு வலியும் வாந்தியும் என்று தாய் வந்து சொன்னார். "பூச்சிக் குளிசை குடுங்க, நாளைக்குப் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பியது நாங்கள்தான். மறுநாள் வயிறு உப்பிவிட்டது. லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றில் பசை தடவிக் கருவியை வைத்தார். அது எக்ஸ்ரே இல்லை. காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குவது. பிள்ளைக்கு வலியில்லை. திரையில் ரயில் தண்டவாளம் போலச் சோடி சோடியாய்க் கோடுகள், அவை நெளிந்தன! நாக்குப்பூச்சி என்கிறோமே, அந்த வட்டப்புழுதான். 15 முதல் 35 சென்ரிமீற்றர் வரை வளரும். கும்பலாய்ச் சுருண்டு குடலை அடைத்திருந்தது. "குடல் அடைச்சிருக்கும்போது பூச்சிக் குளிசை குடுக்கக் கூடாது" என்றார் டாக்டர். எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது. நல்லவேளை, பிள்ளை தப்பியது.

அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் வேண்டியதில்லை. கொழுக்கிப்புழு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். அதை மலப் பரிசோதனையில்தான் கண்டுபிடிப்பார்கள். வெட்கப்பட்டு வெறும் போத்தலைத் திருப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள்! நாடாப்புழு என்றால் மலத்தோடு வெள்ளைத் துண்டுகளாய் விழும். அதைக் கொண்டுவந்து காட்டுங்கள், அதற்கு மருந்து வேறு.

ஒரு பெண் வட்டப்புழு நாளுக்குச் சுமார் 200,000 முட்டை இடும். கான் ஓரத்தில் பிள்ளையை இருத்தினால் அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். பிறகு கை வழியாக வாய்க்குப் போகும். கக்கூசுக்குப் போகச் சொல்வது லேசு, பல குடும்பத்துக்கு ஒரு கக்கூசு என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை, திரும்பவும் எழுதுவோம்.

பூச்சிக் குளிசை கொடுக்கிற நாளில் பிள்ளையை வீட்டில் மறைக்காதீர்கள். ஆனால் விடாத வாந்தி, வயிறு உப்பல், மலமும் காற்றும் போகாமை, கண் மஞ்சள், இதில் எது கண்டாலும் குளிசையைத் தேடாமல், ராத்திரியானாலும் எங்கள் கதவைத் தட்டுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று நாங்களே சொன்னாலும் கேட்காதீர்கள்.